நூற்றிருபது கிராம்

பொழுது கிளம்புமுன் பொறியின் பையை அவிழ்த்தால்
செத்த அந்துகள் தவிடுபோலக் கொட்டும்.
குச்சியால் தள்ளித் தள்ளி எண்ணுவேன்.
ஓர் இரவுக்கு எட்டைத் தாண்டினால்
மருந்தடிக்கச் சொல்ல வேண்டும்.
இன்று முப்பத்தேழு.
அத்தனையும் ஆண்.
ரப்பர்த் துண்டில் தடவிய பெண்வாசத்தை நம்பி வந்தவை.

சேவூருக்கு வடக்கே கருமண் காடுகள்.
பதினாறு வருசமாக இங்கே பூச்சி எண்ணுகிறேன்,
தினக்கூலிக்கு, மேலிருந்து வரும் அட்டையில்.
பூச்சிக்காரம்மா என்றால்தான் என்னைத் தெரியும்.

முதல் நாலு வருசம் எண்ண ஒன்றுமில்லை.
பச்சைப் புழுவுக்கு எதிரே சைபர், சைபர்.
சென்னியப்பன் தெளிப்பானைச் சாளைச் சுவரில் மாட்டினார்;
அதன் வாய்க்குள் குளவி கூடு கட்டியது.
"கண்ணு எரியாமத் தூங்கறனுங்க" என்றார்.
பொய்யில்லை.
எல்லோரும் கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தோம்,
கரிச்சான்களைத் தவிர.
அவற்றுக்கென்று நட்ட குச்சிகளில் வந்து உட்கார்ந்து
குனிந்து பார்த்துவிட்டு
மின்கம்பிக்குப் போய்விட்டன.

ஐந்தாம் வருசம் மாவுப்பூச்சி.
தண்டுக்கு யாரோ சுண்ணாம்பு அடித்ததுபோல.
அட்டையில் அதற்குக் கட்டமே இல்லை, ஓரத்தில் எழுதினேன்.
அப்புறம் வெள்ளை ஈ. தத்துப்பூச்சி.
ஓரம் போதாமல் பின்பக்கம் திருப்பினேன்.
குளவியைக் கலைத்துவிட்டுத் தெளிப்பான் மறுபடி தோளேறியது.
பொறிவண்டுக் கட்டத்தில்
பதினொன்று, ஏழு, இரண்டு,
அதற்குப் பிறகு கோடு.

பிறகொரு ஐப்பசியில் பூக்கள் விரியவில்லை.
இதழ்களை உள்ளிருந்தே தைத்து வைத்திருந்தது.
காயைப் பிளந்தால் இரண்டு விதை ஒட்டிக்கொண்டு,
நடுவே
பச்சைக் குழந்தையின் ஈறு நிறத்தில் ஒன்று.
செடிக்குள் இருந்த விஷத்தைத்
தின்றுதான் கொழுத்திருந்தது.

விதைப் பெட்டிக்குள் இன்னொரு சின்னப் பொட்டலம் வரும்.
நூற்றிருபது கிராம். விஷம் சுரக்காத பருத்தி.
காட்டைச் சுற்றி ஐந்து வரிசை போடவேண்டும்,
புழு தின்னட்டும் என்று.
அங்கே தின்று வளர்ந்த சாதுப் புழு
விஷம் தாங்கிய புழுவோடு கூடினால்
பிள்ளைகள் விஷத்துக்குச் சாகும். அவ்வளவுதான் கணக்கு.
ஒறம்பரைக்கு ஓர் இலை போடுவது மாதிரி.

யாரும் போடவில்லை.
குத்தகைக் காட்டில் புழுவுக்கு ஐந்து வரிசையா?
சென்னியப்பன் சாளை உத்திரத்தில்
பதினோரு பொட்டலம் செருகிக் கிடக்கிறது,
எலிகூடத் தொடாமல்.

எனக்குத் தெரியும்.
அட்டையில் கேள்வி பத்து: அடைக்கலப் பயிர் உண்டா?
டீக்கடை பெஞ்சில், வடை எண்ணெய் ஒட்டிய விரலோடு,
அறுபத்திரண்டு காட்டுக்கும் "ஆம்" போட்டேன்.
வருசா வருசம்.
"இல்லை" என்றால் ஏன் என்று அரைப்பக்கம் எழுதவேண்டும்.
பஸ் எட்டேகாலுக்கு.

எங்கோ ஒரு குளிரூட்டிய அறையில்
என் "ஆம்"களைக் கூட்டி ஒரு வளைகோடு வரைந்திருப்பார்கள்.
அந்தக் கோட்டின்மேல்
இல்லாத வரிசைகளெல்லாம் மஞ்சளாகப் பூத்திருக்கும்.

இன்று முப்பத்தேழை எழுதிவிட்டுப் பத்துக்கு வருகிறேன்.
இல்லை.
அரைப்பக்கத்தில் முதல் வரியாக
சு. கோகிலவாணி என்று எழுதியாயிற்று.
அடுத்த வரி வரவில்லை.
முதுகுப் பக்கம் சென்னியப்பன் செடி பிடுங்குகிறார்,
வேர் அறுபடும் சத்தம் ஒவ்வொன்றாய்.
"மக்காச்சோளம் போட்டுப் பாக்கலாமுங்களா?
அதுல ஒண்ணும் வராதில்லீங்க?"

பஸ் சேவூர் முக்கில் ஹாரன் அடிக்கிறது.
மக்காச்சோளத்துக்கும் ஓர் அட்டை
போன வாரமே வந்துவிட்டது.
பையில் இருக்கிறது,
மடிப்புக் கலையாமல்.